லீமா போய்த் திரும்பிய துணி

என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில், தேய்ந்துபோன ரப்பர் முத்திரைகளுக்கு அடியில், ஒரு வெள்ளைத் துணி கிடக்கிறது. ஒரு முழத்துக்கு ஒரு முழம் இருக்கும். பலமுறை துவைத்து மெத்தென்று ஆகிவிட்ட பருத்தி. நான்கு ஓரமும் கையால் மடித்துத் தைத்திருக்கிறது. நான்காக மடித்து என் கையில் கொடுத்தார்கள், இன்றைக்கும் நான்காகவே இருக்கிறது. விமானம் ஏறி, கடல் தாண்டி, பெரு நாட்டின் லீமா நகரம் வரைக்கும் என் கைப்பையில் போய், அப்படியே திரும்பி வந்த துணி இது. அங்கே இதற்கு ஒரு வேலை இருந்தது. அந்த வேலையைச் செய்கிறேன் என்று வாங்கிக்கொண்டு போனவள் நான். செய்யவில்லை. எழுதினால் மனசு லேசாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இதை எழுத உட்கார்ந்ததிலிருந்து நாலு தாளைக் கிழித்துப் போட்டாகிவிட்டது.

கோயம்புத்தூரில் ஒரு தொழில் வர்த்தக சபையில் இருபது வருஷத்துக்கு மேலாக வேலை பார்க்கிறேன். ஊரில் எல்லாரும் சேம்பர் என்றுதான் சொல்வார்கள். மில் முதலாளியும் உண்டு, நாலு லேத் போட்டிருக்கிற பட்டறைக்காரரும் உண்டு. எல்லாரும் அதில் உறுப்பினர்கள். வெளிநாட்டுக்குப் போகிற சரக்கு இந்த ஊரில்தான் செய்யப்பட்டது என்று சான்றிதழில் முத்திரை குத்திக் கொடுப்பது, வெளியூர் வியாபாரிகளையும் உள்ளூர்க்காரர்களையும் ஒரே மேசையில் உட்கார வைப்பது, தகராறு வந்தால் நடுவில் நிற்பது, இவையெல்லாம் எங்கள் வேலை. உடுமலைப்பேட்டையில் தேங்காய் மண்டி வைத்திருந்த வீட்டுக்கு மருமகளாகப் போனவள் நான். என் மாமியாருக்கு என் உத்தியோகம் கடைசி வரை பிடிபடவே இல்லை. "காயிதத்துல சீல் குத்தறதுக்கு ஒரு ஆபீசு, அதுக்கு ஒரு பொம்பள" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். நானும் சேர்ந்து சிரிப்பேன். உள்ளுக்குள் எரியும். இந்த எரிச்சலைச் சும்மா சொல்லவில்லை, பின்னால் நான் செய்த காரியத்தில் இதற்குப் பங்கு உண்டு.

லீமாவில் எங்களைப் போலவே ஒரு சேம்பர் இருந்தது. பெரிய கம்பெனிகளுடையது அல்ல. பம்ப்செட்டு, குழாய், மோட்டார் விற்கிற சின்னக் கடைக்காரர்கள் சேர்ந்து நடத்தியது. அங்கத்திய மலைப்பக்கத்து விவசாயிகளுக்கு நம் ஊர் மோட்டார் கட்டுப்படியாகும் என்று யாரோ சொல்லப்போய், அவர்களிடமிருந்து கடிதங்கள் வர ஆரம்பித்தன. எல்லாம் ஸ்பானிஷ் மொழியில். எங்களில் ஒருத்தருக்கும் ஒரு எழுத்து விளங்காது. வந்த கடிதங்களை ஒரு கோப்பில் போட்டு, மேலே 'பெரு' என்று எழுதி, அலமாரியில் வைத்துவிட்டேன். ஆறேழு கடிதம் சேர்ந்த பிறகு அந்தக் கோப்பைப் பார்த்தாலே பயமாக இருந்தது.

அப்போதுதான், ஸ்பானிஷ் தெரிந்தவர் ஒருத்தர் இருக்கிறார் என்று ஒரு உறுப்பினர் சொல்லி, அக்கா வந்தார். அவருக்கு அறுபது வயது தாண்டியிருந்தது, எனக்கு முப்பத்திநாலு. என் அம்மாவைவிட மூத்தவர்தான், ஆனால் அலுவலகத்தில் எல்லாரும் லீமாக்கா என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். பெரியநாயக்கன்பாளையத்துக்காரர். வீட்டில் தெலுங்கு பேசுகிற நாயுடு குடும்பம். கணவர் மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்தவர். லீமாவில் ஒரு நூற்பாலை நடத்தியவர்கள் கூப்பிட்டு, அக்காவையும் அழைத்துக்கொண்டு போயிருக்கிறார். பதினாலு வருஷம் அங்கேயே வாழ்ந்தார்கள். மகள் பிறந்ததும் அங்கேதான். ஒரு நாள் மில்லிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. உடலை இங்கே கொண்டுவர அந்தக் காலத்தில் வழி இல்லை, அங்கே எரிக்கவும் வசதி இல்லை. மில்லில் வேலை பார்த்தவர்கள் கூடி, அவர்கள் முறைப்படி அவர்கள் கல்லறைத் தோட்டத்திலேயே வைத்துவிட்டார்கள். அதற்கப்புறம் இரண்டு வருஷம் அங்கே தையல் வேலை செய்து தாக்குப்பிடித்து, பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிட்டார் அக்கா. இதையெல்லாம் அவர் உட்கார்ந்து கதையாகச் சொன்னதில்லை. கடிதம் எழுதும்போது இடையிடையே ஒவ்வொன்றாக வரும்.

வாரத்துக்கு இரண்டு நாள், டவுன் பஸ்ஸில், காலையில் வருவார். கைப்பின்னல் ஸ்வெட்டர் ஒன்றைக் கோடையிலும் தோளில் போட்டிருப்பார். நீல மசியில் ஸ்பானிஷில் எழுதிக் கொடுப்பார். நான் கணினியில் அடித்து, கீழே என் பெயரும் 'உதவிச் செயலாளர்' என்ற பதவியும் போட்டு அனுப்புவேன். லீமா சேம்பரின் செயலாளரம்மாவுக்கு நான்தான் அவ்வளவு அழகாக எழுதுகிறேன் என்று வெகுகாலம் எண்ணம், வீடியோ கூட்டங்களில் பேசுகிற அக்காவை வெறும் மொழிபெயர்ப்பாளர் என்று நினைத்துக்கொண்டார். நானும் திருத்தவில்லை. இது முதல் தப்பு. சின்னது என்று அப்போது நினைத்தேன்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு குணம். முகத்துக்கு நேராக 'இல்லை' என்று சொல்ல வாய் வராது. சொன்னால் எதிராளி மனசு சங்கடப்படுமாம். ஒரு நாள் காலை ஆறரை மணிக்கு, இங்கே விடிந்தும் விடியாத நேரத்தில், லீமாவோடு வீடியோ கூட்டம். அங்கே அது முந்தின நாள் ராத்திரிச் சாப்பாட்டு நேரம். பெரியநாயக்கன்பாளையத்தில் மோட்டார் பட்டறை வைத்திருக்கிற கவுண்டர் ஒருத்தர் வந்து உட்கார்ந்திருந்தார். நம் ஊர் மின்சாரம் ஐம்பது சைக்கிள், அவர்களுடையது அறுபது. மோட்டாருக்குள் இருக்கிற கம்பிச்சுற்றை, வைண்டிங்கையே மாற்றினால்தான் அங்கே ஓடும். மாற்றி, மூன்று வாரத்தில் கப்பலில் ஏற்ற முடியுமா என்று அந்தப் பக்கம் கேட்டார்கள்.

கவுண்டர் காதோரத்தைச் சொறிந்துகொண்டே, "பண்ணிப்போடலாமுங்க" என்றார்.

அக்கா திரையைப் பார்த்து நிதானமாக ஏதோ சொன்னார். அந்தப் பக்கத்து முகங்கள் கொஞ்சம் சுருங்கின, பிறகு தலையாட்டின. கூட்டம் முடிந்ததும் கவுண்டருக்குச் சந்தேகம். "ஏனுங்கம்மா, நான் சொன்னது ரெண்டே வார்த்தை. நீங்க நெம்ப நேரம் சொன்னீங்களே?"

"மூணு வாரத்துல முடியாது, மூணு மாசம் ஆகும், ஆனா ஒரு மோட்டாருகூடத் திரும்பி வராதுன்னு சொன்னேனுங்க."

"நான் அப்படிச் சொல்லலையேங்க!"

"சொல்லலீங்க. நெனச்சீங்க."

கவுண்டர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். மூன்று மாதம் கழித்துச் சரக்கு போனது. ஒன்றும் திரும்பி வரவில்லை. லீமாக் கடைக்காரர்கள் அதற்கப்புறம் எங்கள் சேம்பரை நம்ப ஆரம்பித்தார்கள். அவர்களுக்கு அதற்கு முன்னால் வேறு ஊர்களிலிருந்து வந்ததெல்லாம் வாயளவுச் சம்மதங்கள்தானாம். முதல் தடவையாக ஒருத்தர் முடியாது என்று சொல்லிவிட்டு, சொன்ன தேதிக்கு அனுப்பினார் என்று எழுதினார்கள். அன்றைக்கு அக்கா என்னிடம் சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. "நம்ம ஆளுக பண்ணிப்போடலாமுங்கன்னா பாதி முடியாதுன்னு அர்த்தம் கண்ணு. பார்க்கலாமுங்கன்னாங்கன்னா முழுசா முடியாது. இதை அந்தம்மாவுக்கும் எழுதிப்போட்டேன். பாவம், அவங்க தெரிஞ்சுக்கோணுமில்ல."

இரண்டு சேம்பர்களுக்கும் பழக்கம் நன்றாக முற்றியது. கவுண்டர் வழியில் இன்னும் பத்துப் பட்டறைக்காரர்கள் போனார்கள். அவர்களுடைய நீள இழைப் பருத்தி எங்கள் மில்களுக்கு வந்தது. ஒரு தடவை அங்கே போன ஸ்டார்ட்டர் பெட்டிகள் புகைந்துபோய்ப் பெரிய சண்டையாகிவிட்டது. தப்பு எந்தப் பக்கம் என்று அக்காவும் அந்தச் செயலாளரம்மாவும் நாலு கடிதத்தில் பேசி, வயரை மாற்றிப் பூட்டியதுதான் காரணம் என்று கண்டுபிடித்து, இரண்டு பக்கத்தையும் சமாதானம் செய்தார்கள். கோபமாக எழுதி வந்ததைக் கோபம் இல்லாமலும், மழுப்பி எழுதியதை மழுப்பல் இல்லாமலும் மாற்றுவதுதான் அக்காவின் வேலை. அந்த வேலைக்கு எங்கள் அலுவலகத்தில் ஒரு நாற்காலி இருந்ததே தவிர ஒரு பதவி இல்லை.

பிறகு லீமாவுக்கு ஒரு தூதுக்குழு போவதென்று முடிவானது. பன்னிரண்டு உறுப்பினர்கள், சேம்பர் சார்பில் ஒரே ஒருத்தர். தலைவர் என்னைக் கூப்பிட்டு, "யாரு போறதுன்னு நீங்களே பாத்து எழுதிப்போடுங்கம்மா" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். முடிவு என் கையில்.

அக்கா ஒரு நாளும் வாய்விட்டுக் கேட்கவில்லை. அவரும் இந்த ஊர்தானே. ஒரு கடிதத்தை எழுதி முடித்து, பேனா மூடியைத் தேடிக்கொண்டே, "இந்தத் தடவை சேம்பர்ல இருந்து யாராச்சும் போவாங்களா கண்ணு?" என்றார். எனக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. ஊர் திரும்பி இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. கணவரை வைத்த இடத்தை அதற்கப்புறம் அவர் பார்த்ததில்லை. சொந்தக் காசில் போய்வரும் நிலைமையும் அவர்களுக்கு என்றைக்கும் வாய்க்கவில்லை. இந்த ஒரு வாய்ப்பு போனால் அப்புறம் கிடையாது. எல்லாம் தெரிந்தும் நான் சொன்னது, "பார்க்கலாமுங்க அக்கா."

அடுத்த வாரம் அவர் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்துவிட்டு வந்தார். அதற்கடுத்த வாரம், "அங்க இப்ப குளிரு காலங் கண்ணு, வெயிலே வராது, மேகமாவே கெடக்கும்" என்றார். இரண்டு தடவையும் நான், பார்க்கலாமுங்க, பார்க்கலாமுங்க என்றேன். அவருடைய மூட்டுவலியை நினைத்துக்கொண்டேன். அவ்வளவு தூரம் உட்கார்ந்து போக முடியுமா? அங்கே மொழிபெயர்க்க ஆள் கிடைக்காமலா போகும்? அலுவலக ஆள் போவதுதானே முறை? ஒவ்வொரு காரணமும் கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. உண்மை அது இல்லை. நான் விமானத்தில் போக வேண்டும். லீமாவில் மேடையில் நிற்கிற படம் பத்திரிகையில் வர வேண்டும். அதை உடுமலைப்பேட்டை வீட்டுக் கூடத்தில் என் மாமியார் பார்க்க வேண்டும். இதுதான் உண்மை. பட்டியலில் என் பெயரை எழுதினேன்.

அக்காவிடம் நான் சொல்லவே இல்லை. பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லிவிட்டு, அவர் வருகிற நாளில் வேண்டுமென்றே வங்கிக்குப் போய் மதியம் வரை திரும்பாமல் இருந்தேன். வந்தபோது அவர் என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி கையில் இருந்தது. "நல்லதுதாங் கண்ணு. சின்ன வயசு. நீ போனாத்தான் சேம்பருக்கு அழகு" என்றார். ஒரு கோபம், ஒரு சலிப்பு, ஒன்றும் இல்லை. திட்டியிருந்தால் என் பாடு சுலபமாக இருந்திருக்கும்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் இந்தத் துணியையும், மடித்த ஒரு காகிதத்தையும் கொண்டுவந்து கொடுத்தார். "ஒரு அரை நாள் சும்மா இருந்தா, அவரு இருக்கற எடத்துக்கு ஒரு எட்டுப் போய்ட்டு வா கண்ணு. இந்தக் காயிதத்தை டாக்சிக்காரன்கிட்டக் காட்டுனாப் போதும், வாசல்ல இருக்கறவங்ககிட்டயும் இதையே காட்டு. அவங்களே கூட்டிட்டுப் போயி உட்டுருவாங்க. இதுல ஒருக்காத் தொடச்சுப்போட்டு வந்தீன்னா எனக்குப் போதும்."

"கண்டிப்பாப் போறேனுங்க அக்கா" என்றேன். வாங்கிக் கைப்பையில் போட்டேன். அந்தச் சமயத்தில் தொலைபேசி அடித்தது, எடுத்துப் பேச ஆரம்பித்துவிட்டேன். காகிதத்தைப் பிரித்துப் பார்க்கவில்லை. ஸ்பானிஷ்தானே, எனக்கென்ன புரியப்போகிறது என்ற நினைப்பு.

லீமாவில் ஐந்து நாள். மேடை, கைகுலுக்கல், படம் எல்லாம் ஆனது. அந்தச் செயலாளரம்மா என்னைக் கட்டிப்பிடித்து, "உங்கள் கடிதங்கள்!" என்றார். கூட வந்த மொழிபெயர்ப்பாளர் சொன்னபோது என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது. எழுதியது வேறொருவர் என்று அங்கே அப்போதாவது சொன்னேன், அந்தப் பெண்மணி ஆச்சரியப்பட்டு அக்காவின் பெயரைக் குறித்துக்கொண்டார். அவ்வளவு யோக்கியதை எனக்கு இருந்தது. கடைசி நாள் பிற்பகல் ஒரு வேலையும் இல்லை. ஓட்டல் வரவேற்பில் காகிதத்தைக் காட்டினேன், முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம் என்றார்கள். கைப்பையை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினேன். வாசலில் எங்கள் குழுவினர் கடைத்தெருவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். கம்பளிச் சால்வை மலிவாம், வாங்க வாங்க என்றார்கள். ஒருத்தரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. அவர்கள் வண்டியில் நானாகத்தான் ஏறினேன். ஒரு மணி நேரத்தில் திரும்பிவிட்டால் அப்புறம் போகலாம் என்று நினைத்தேன். என் மாமியாருக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு சால்வை எடுத்தேன். திரும்பும்போது இருட்டிவிட்டது.

ஊருக்கு வந்த பிறகு முதல் செவ்வாய்க்கிழமை அக்கா வந்தார். பயணம் எப்படி, சாப்பாடு எப்படி என்றெல்லாம் கேட்டுவிட்டு, எனக்காக ஒரு வாசலைத் திறந்து வைத்தமாதிரி, "அங்க போக முடிஞ்சுதா கண்ணு? நேரம் இருந்திருக்காதே" என்றார்.

நேரம் இல்லீங்க அக்கா என்று சொல்லியிருக்கலாம். அவரே எடுத்துக் கொடுத்த வார்த்தை அது. என் வாயில் வந்தது, "போனேனுங்க அக்கா."

அத்தோடும் நிறுத்தவில்லை. சொல்ல ஆரம்பித்த பொய்க்குக் கையும் காலும் வைத்தேன். பெரிய தோட்டம் என்றேன். நம் ஊர் வேப்பமரமாட்ட ஒரு மரம், அதன் நிழலில்தான் இருந்தது என்றேன். மேலே புல் முளைத்திருந்தது, சருகுகளைக் கையால் அள்ளிப் போட்டேன், தலைமாட்டுக் கல்லைத் துணியால் துடைத்தேன், துணியை அங்கேயே விரித்து, பூ வாங்கி அதன்மேல் வைத்துவிட்டு வந்தேன் என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே கண் கலங்கியது, அதுதான் கொடுமை. அக்கா மேசைமேல் இருந்த காகிதங்களின் ஓரத்தைச் சமமாகத் தட்டித் தட்டி அடுக்கினார்.

"ஆகட்டுங் கண்ணு" என்றார். "நல்லாப் பாத்துட்டு வந்தே."

பிறகு அன்றைய கடிதத்தை எழுத ஆரம்பித்தார். எழுத்து எப்போதும்போல் நேராக இருந்தது.

அதற்கப்புறம் இரண்டு வருஷம் அவர் வந்துகொண்டிருந்தார். கண்ணு என்றுதான் கூப்பிட்டார். வீட்டில் வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டால் எனக்கு நாலு எடுத்து வந்தார். நான்தான் அவரை நேராகப் பார்த்துப் பேசுவதைக் குறைத்துக்கொண்டேன். சரக்கு எங்கே பிறந்தது என்று தினமும் சத்தியம் செய்து முத்திரை குத்துகிறவள், எதிரில் உட்கார்ந்திருப்பவரிடம் போகாத இடத்துக்குப் போனதாகச் சொல்லிவிட்டு, மேசைக்குள் துணியை ஒளித்து வைத்திருந்தேன்.

ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு, பத்தே நாளில் அக்கா போய்விட்டார். மூன்றாம் நாள் பெரியநாயக்கன்பாளையம் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போனேன். மகள் என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள், பள்ளிக்கூடத்தில் டீச்சர். காபி போட உள்ளே போனாள். சுவரில் ஒரு பழைய கலர்ப் படம். ஏணிப்படியில் இளவயது அக்கா, கீழே ஆறேழு வயதுப் பெண் குழந்தை. பின்னால் ஓர் உயரமான வெள்ளைச் சுவர். சுவர் முழுக்க, போஸ்டாபீஸ் பெட்டிகளாட்ட, வரிசை வரிசையாகச் சின்னச் சின்னக் கண்ணாடிக் கதவுகள். அதில் ஒன்றின்மேல் அக்காவின் கை. கையில் ஒரு வெள்ளைத் துணி.

மகள் காபியோடு வந்தபோது, "இது எந்த எடமுங்க?" என்று கேட்டேன்.

"அப்பா இருக்கற எடமுங்க அக்கா. அங்கெல்லாம் மண்ணுல பொதைக்கறதில்லீங்க, செவுத்துக்குள்ளதான் வெப்பாங்க. அந்தக் கண்ணாடியில தூசி அடைஞ்சு போயிருங்க, அங்க மழையே பெய்யாது. அம்மா வாராவாரம் போயித் தொடைப்பாங்க."

மரம், நிழல், புல், சருகு, தலைமாட்டுக் கல். நான் சொன்ன முதல் வார்த்தையிலேயே அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே கடைசி வார்த்தை வரைக்கும் பொறுமையாகக் கேட்டிருக்கிறார். காபி டம்ளரை எங்கே வைத்தேன், எப்படி வெளியே வந்தேன், ஒன்றும் நினைவில்லை. அலுவலகத்துக்கு வந்து கைப்பையின் உள்ளறையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து, அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். அந்தச் சுவர் இருக்கிற கூடத்தின் பெயர், வரிசை எழுத்து, எண். அதற்கும் கீழே ஒரு வரி: 'இந்தப் பெண் என் தங்கை. ஏணி பிடிக்க உதவுங்கள்.'

அதற்கப்புறம் நான் ஸ்பானிஷ் கற்றுக்கொண்டேன். அக்கா விட்டுப்போன கடிதங்களே எனக்குப் பாடப் புத்தகம். இப்போது சேம்பரில் அந்த வேலையை நானே பார்க்கிறேன். நன்றாகச் செய்கிறேன் என்கிறார்கள். பட்டறைக்காரர்கள் காதைச் சொறிவதை நானும் கவனிக்கிறேன்.

போன மாதம் லீமாவிலிருந்து கடைக்காரர்கள் ஒன்பது பேர் இங்கே வந்தார்கள். அந்தச் செயலாளரம்மாவும் வந்திருந்தார், தலை முழுக்க நரைத்துவிட்டது. கவுண்டரின் பட்டறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மதியச் சாப்பாட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர், இலையில் இருந்த அப்பளத்தை ஒடித்துக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னார். ஒவ்வொரு வருஷமும் நவம்பர் மாதம், அவர்கள் இறந்தவர்களைப் பார்க்கப் போகிற நாளில், தன் கணவரின் கண்ணாடியைத் துடைத்த பிறகு எங்கள் அக்காவின் கணவரின் கண்ணாடியையும் துடைத்துவிட்டு வருகிறாராம். நீங்கள் வந்து போன அடுத்த வாரமே உங்கள் அக்கா எனக்குக் கைப்பட ஒரு கடிதம் எழுதியிருந்தார் என்று கைபேசியில் படம் எடுத்து வைத்திருந்ததைக் காட்டினார். அதே நீல மசி. அக்கா எழுதி, நான் அடிக்காத ஒரே கடிதம். தன் சொந்த விஷயமாக அவர் அங்கே எழுதியதும் அது ஒன்றுதானாம். நான் படித்தேன். 'எங்கள் பெண்ணுக்கு அங்கே ஒரு நிமிஷம்கூட ஓய்வு கிடைக்கவில்லை. எங்கள் பன்னிரண்டு பேரும் அவளை ஆளுக்கொரு பக்கம் இழுத்திருப்பார்கள். போக முடியவில்லை என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. அவளிடம் இதைப் பற்றிக் கேட்காதீர்கள். உங்களுக்கு நேரம் இருக்கும்போது ஒருமுறை துடைத்துவிட முடியுமா?'

நான் எழுந்து கை கழுவப் போனேன். வெகுநேரம் குழாயடியிலேயே நின்றேன்.

அடுத்த வருஷம் இங்கிருந்து மறுபடி ஒரு குழு போகிறது. சேம்பர் சார்பில் யார் என்பது இப்போதும் என் கையில்தான் இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை துணியை எடுத்துக்கொண்டு பெரியநாயக்கன்பாளையம் போனேன். அக்காவின் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பட்டியல், சால்வை, வேப்பமரம், ஒன்றையும் விடவில்லை. பேச்சை முடிக்கும்போது, இந்தத் தடவை நீங்கள் வாருங்கள், அந்த இடம் உங்களுடையது, அன்றைக்கே உங்கள் அம்மாவுடையது என்று சொல்லிவிட்டுத் துணியை அவள் முன்னால் வைத்தேன்.

அவள் துணியின் ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். "அப்பா வேட்டிங்க இது" என்றாள். "அம்மா பெட்டியில வெச்சிருந்து, வேணுங்கறப்போ கிழிச்சுத் தெப்பாங்க. கடைசித் துண்டு என்ன ஆச்சுன்னு நான் தேடிட்டு இருந்தேனுங்க."

நான் அழுதேன், வெட்கத்தைவிட்டு அழுதேன். அவள் எழுந்து போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தாள். சர்க்கரை போதுமா என்று கேட்டாள். நான் கிளம்பும்போது துணியை எடுத்து, என் கைப்பையின் வாயைத் திறந்து, கசங்காமல் உள்ளே வைத்தாள்.

"அம்மா உங்ககிட்டத்தானுங்க குடுத்தாங்க" என்றாள்.

"அப்போ லீமாவுக்கு?" என்றேன். "வருவீங்கதானே?"

அம்மாவைப் போலவே சிரித்த முகத்தோடு, வாசல்வரை வந்து கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "பார்க்கலாமுங்க அக்கா."